கான்பூர் குவியலிலிருந்து எழுந்த குண்டுவீச்சு விமானங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா 18,000-க்கும் மேற்பட்ட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைத் தயாரித்தது. அவற்றில் இன்று முழு உருவில் எஞ்சியிருப்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றிலும் கணிசமானவை இந்திய விமானப் படையில் பணியாற்றியவை என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

போர் முடிந்ததும், லெண்ட்-லீஸ் ஏற்பாட்டின்கீழ் பிரிட்டன் பெற்ற விமானங்களைத் திருப்பித் தர வேண்டும். இல்லையேல் அழித்துவிட வேண்டும். கான்பூரில் நின்றிருந்த லிபரேட்டர்களைப் பிறர் பயன்படுத்தாதவாறு சேதப்படுத்திவிட்டே பிரிட்டிஷ் படையினர் வெளியேறினர். உடைத்து விற்றால் அலுமினியத்தின் விலை மட்டுமே மிஞ்சும் என்னும் நிலை.

1948-இல் காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தது. நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. லண்டனில் நமக்குப் பெருந்தொகை ஸ்டெர்லிங் இருப்பு இருந்தும், அதை விரும்பியபடி டாலராக மாற்ற இயலாத காலம் அது. (பொருளாதார வரலாற்றில் இது தனிக் கதை.) எனவே அரசின் பார்வை கான்பூர் குவியலின்மீது திரும்பியது.

1940-இல் வால்சந்த் ஹிராசந்த் முன்முயற்சியில் தொடங்கப்பட்ட பெங்களூரு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த அனுபவம் இருந்தது. அதன் தொழில்நுட்பர்கள் ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தினர். பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்ட அவ்விமானங்களைச் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். துணிச்சல் என்பது இதற்குச் சிறிய சொல். அங்கே முழுமையாகச் செப்பனிடப்பட்ட விமானங்களைக் கொண்டு 1948 நவம்பரில் 5-ஆவது படைப்பிரிவு உருவானது. இவ்வாறு மீண்டவை நாற்பதுக்கும் மேல். 1968 வரை அவை கடற்கண்காணிப்பு உள்ளிட்ட பணிகளில் ஈடுபட்டன.

ஓய்வுக்குப் பின் சில விமானங்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை மீட்டெடுத்து 1989-இல் மீண்டும் பறக்கவிட்ட லிபரேட்டரும் நம் விமானப் படையில் இருந்ததே.

இதற்கு மாறான காட்சியை 2018-இல் கண்டோம். விமானப் படைக்கு நன்கொடையாக வந்த பழைய டகோட்டா விமானம் ஒன்று பிரிட்டனில் செப்பனிடப்பட்டே இந்தியா வந்தது. நன்கொடையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், தொழில்திறன் என்பது இயந்திரத்தைப் போல் கிடங்கில் பூட்டிவைக்கக்கூடிய சொத்தன்று. ஒரு தலைமுறை கையாளாவிட்டால் அடுத்த தலைமுறை அதை அயலாரிடம் விலை கொடுத்தே பெற வேண்டும்.

தில்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. 1948-ஆம் ஆண்டின் பணிமனைப் பதிவேடுகளையும், அன்றைய தொழிலாளர் குடும்பங்களிடம் உள்ள புகைப்படங்களையும் தொகுத்து அதனருகே வைக்கும் பணியை ஹெச்.ஏ.எல். நிறுவனமும் விமானப் படையும் இணைந்து மேற்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.