எந்த மரத்துப் பிசின்?

பங்குனி பிறந்தால் போதும், தெருமுனை வாட்டர் வாஷ் தொடங்கி டீட்டெய்லிங் ஸ்டுடியோ வரை ஒரே புகார்தான்: "பிசின் ஒட்டியிருக்குங்க, துடைச்சா போக மாட்டேங்குது." ஜாப் கார்டிலும் அதே ஒற்றைச் சொல் ஏறுகிறது. பையனின் கை பழக்கத்தில் தின்னர் டப்பாவுக்குப் போகிறது. ஒரு பிடி பனியன் வேஸ்ட், நாலு தேய்ப்பு. கறை போனால் பாலிஷ். போகாவிட்டால் ரப்பிங் காம்பவுண்ட். வண்டி எந்த மரத்தடியில் நின்றது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். பேனட்டில் காய்ந்து கிடக்கும் அந்தப் பொட்டு அசல் பிசினாக இருக்கலாம், குங்கிலிய வகையாக இருக்கலாம், மரப்பாலாக இருக்கலாம். மரத்திலிருந்தே வராததாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

வேம்பு, கருவேலம், முருங்கை ஆகியவை கசிவது அசல் பிசின். அது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். தின்னரோ பெட்ரோலோ அதை அசைக்காது, தண்ணீர் அசைக்கும். மதுரையில் ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசினை முந்தின இரவே ஊறப்போடுகிறவர்களுக்கு இது தெரியும். ராத்திரி கல் போல் கிடந்தது காலையில் கிண்ணம் நிறைய உப்பி நிற்கும். காரிலும் அதே வித்தைதான். மைக்ரோஃபைபர் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கறைமேல் போட்டு, காயவிடாமல் கால் மணி நேரம் விட்டால், கறை நுங்கு போல் குழைந்து நழுவும். அந்தக் கால் மணி நேரம் பொறுக்க மாட்டாமல் நகத்தாலும் பிளேடாலும் சுரண்டித்தான் பல பேனட்டுகள் கீறல் வாங்குகின்றன.

கொடைக்கானலில் பைன் மரத்தடியில் நின்றுவிட்டு இறங்கிய வண்டியின் கதை நேர் எதிர். பைன் கசிவு குங்கிலியத்தின் இனம். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. கொரோனா காலத்தில் சானிடைசராக வீட்டுக்கு வீடு வந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் இதற்குக் கைகண்டது. துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றிவைத்தால் இளகிவிடும். பலா, ஆல், அரசு சொட்டும் பாலோ காய்ந்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். பலாப்பழம் அறுப்பவர் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறாரே, அதே எண்ணெய் இங்கும் உதவும். ஊறவைத்து உருட்டி எடுத்தபின் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். மாமரம் கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது. மாங்காய்ப் பாலில் எண்ணெய்ப் பகுதியும் உண்டு, நீர்ப் பகுதியும் உண்டு. மனிதத் தோலையே புண்ணாக்கக்கூடியது. ஈரமாக இருக்கும்போதே ஷாம்பு நீரால் கழுவிவிட்டால் நல்லது, காய்ந்துபோனால் ஆல்கஹால்.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பட்டறைகளுக்கு நான்காம் வகை நன்றாகப் பழக்கம். இந்தியாவில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016-இல் முதலில் தென்பட்டது அங்குள்ள தென்னைகளில்தான். ஓலையின் சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சி இனிப்பான நீரைக் கழிக்கிறது. அது கீழே நிற்கும் எதன்மேலும் சொட்டும். நாள்பட்டால் அதன்மேல் கரும்பூசணம் படரும். சைலன்சர் புகை படிந்துவிட்டது என்று நினைக்கும் வண்டிக்காரர்களும் உண்டு. மா பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி செய்வதும் இதையேதான். இதற்குத் தின்னரும் வேண்டாம், ஆல்கஹாலும் வேண்டாம். ஊறவைத்து ஷாம்பு போட்டால் போதும். சாலையோரத் தூங்குமூஞ்சிக் காய் நசுங்கிய பிசுக்கும் வெறும் இனிப்புதான். மாடுகள் அதைத் தேடித் தின்பது சும்மா இல்லை.

தின்னர் பழக்கம் வந்த வழி புரியாததல்ல. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் காலத்தில் அதுவே எல்லா வேலைக்கும் கைமருந்து. இன்றைய தொழிற்சாலை கிளியர் கோட் ஏறக்குறைய 140 டிகிரியில் வேகவைத்தது. தின்னர் துணி ஒரு முறை பட்டால் தாங்கிக்கொள்ளும். ஆபத்து, இடையில் யாரோ டச்-அப் செய்த பேனலில் இருக்கிறது. அங்கே அடித்தது என்சி என்றால் கறையோடு சேர்ந்து நிறமும் பனியன் வேஸ்டில் ஏறிவரும். வெள்ளைத் துணி சிவப்பாவதைப் பார்த்தபின் கையை எடுத்து என்ன பயன்? திக்னஸ் கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது. தொழிற்சாலை பெயிண்ட் பொதுவாக 100 முதல் 140 மைக்ரான். 200-ஐத் தாண்டினால் மறுபூச்சு என்று சந்தேகிக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் பேசாது. அங்கே கண்ணும், ஓரத்தில் தெரியும் மாஸ்கிங் கோடும்தான் சாட்சி.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயிண்டை ஏற்கும் முன் ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் ஒரு சோதனை வைக்கின்றன. ஒரு நீளத் தகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சூடு ஏறும்படி வைத்து, மர ரெசின், நீர்த்த கந்தக அமிலம், பறவை எச்சத்துக்குப் பதிலாகப் பேன்கிரியாட்டின் என்று வரிசையாகச் சொட்டுவார்கள். எந்த டிகிரியில் முதல் தடம் விழுகிறது என்பதுதான் மதிப்பெண். ஆக, ரெசின் பட்டதா என்பதைவிட எத்தனை டிகிரி சூட்டில் பட்டது என்பதே பெரிய விஷயம். சித்திரை மதியத்தில் கறுப்பு பேனட் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகும், கறை இன்னும் இறங்கும்; ஆல்கஹாலோ வேலை செய்யுமுன் ஆவியாகிவிடும். வண்டியை நிழலில் விட்டுத் தகடு ஆறியபின் தொடுவதே முறை. கறை போனபின்னும் வட்டத் தடம் நின்றால்தான் காம்பவுண்டுக்கு வேலை. அதுவும் 40, 50 மைக்ரான் மட்டுமே உள்ள கிளியர் கோட்டைச் சுரண்டுகிறோம் என்ற நினைப்போடு. தலைமுடி அதைவிடத் தடிமன்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கத் தயார். பக்கத்தில் பஃபிங் மெஷின் ஓடுவதோ ஒருவர் பீடி பற்றவைப்பதோ கூடாது. துணி ஹெட்லாம்ப் பக்கம் போகும்போதும் நிதானம் வேண்டும். அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட். தின்னர் பட்ட இடத்தில் சிலந்தி வலை போல் நுண்வெடிப்பு ஓடும். அதை எந்தப் பாலிஷும் மறைக்காது. டெலிவரி எடுக்க வரும் வண்டிக்காரர் முதலில் பார்ப்பதும் அந்த லாம்பைத்தான்.