முதல் பாட்டு ஆரின்ர பாட்டு?

ஒரு கோயில் பூங்காவனத் திருவிழா. மேடையில் நாலு பெடியள். இரண்டு வருசமாய் ஒரு வீட்டுக் கராஜுக்குள் ஒத்திகை பார்த்த குழு, கையில் மூன்று சொந்தப் பாட்டு. பிள்ளையார் பாட்டு முடிஞ்சது. அடுத்ததாக எதைப் பாடிச்சினம் தெரியுமோ? அந்த மாதம் எல்லா ஓட்டோவிலும் கேட்ட சென்னைச் சினிமாப் பாட்டு. சொந்தப் பாட்டுகளைக் கடைசிக்கு வைச்சிருந்தினம். அந்தக் கடைசி வரவேயில்லை. நேரம் முடிஞ்சுதெண்டு ஸ்பீக்கரை நிப்பாட்டியாச்சு.

எங்கட வாதம் இதுதான். சாமிக்குரிய பாட்டு சாமிக்கு. அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் அதற்கு அடுத்த பாட்டு குழுவின் சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும்.

"தெரியாத பாட்டெண்டால் சனம் எழும்பிப் போயிடும்" எண்டுவினம். எப்ப போகும்? தொடக்கத்தில் ஒருத்தரும் போறேல்லை. அப்பதான் கச்சான் வாங்கிக்கொண்டு வந்து இருக்கினம், மேடையில் நிக்கிறது ஆரின்ர பிள்ளை எண்டு பார்க்கினம். சனத்திடம் பொறுமை அதிகமாக இருக்கிற நேரம் அதுதான். ஏழாவது, எட்டாவது பாட்டில்தான் கதிரைகள் காலியாகும். நாங்களோ சொந்தப் பாட்டைக் கொண்டுபோய் அங்கேதான் செருகுகிறோம். பிறகு "எங்கட பாட்டை ஒருத்தரும் கேக்கினமில்லை" எண்டு கவலை வேறை.

அடுத்தது சவுண்ட். எங்கட மேடைகளில் ஒழுங்கான ஒலிச்சோதனைக்கு நேரம் கிடைக்கிறது குறைவு. சவுண்ட்காரர் முதல் பாட்டு போகப் போகத்தான் மைக்கையும் கிற்றாரையும் ட்ரம்ஸையும் சரிக்கட்டுவார். ஆகவே அந்தப் பாட்டு, குழு நித்திரையிலும் வாசிக்கக்கூடிய பாட்டாக இருக்க வேண்டும். சினிமாப் பாட்டு அடுக்கடுக்காக ஒலிப்பதிவு செய்யப்பட்டது. நாலு பேரால் அதைக் கொண்டுவர ஏலாது. உடனே லப்டொப்பில் ட்ராக் ஓடும், ட்ரம்ஸ்காரர் அதற்குப் பின்னால் ஓடுவார். கேக்கிறவரின் காதில் அசல் பாட்டு ஏற்கெனவே இருக்கு. ஒப்பிட்டால் நீங்கள் தோத்துத்தான் போவீங்கள். சொந்தப் பாட்டு அந்த நாலு பேரின் கைக்கும், அந்தப் பாடகரின் சுருதிக்கும் அளவாகத் தைச்சது. ஒப்பிட வேறொன்று இல்லை. பயந்தவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு!

எழுபதுகளில் இலங்கைத் தமிழ் பொப் பாட்டுகள் கொடிகட்டிப் பறந்தன. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' எல்லாம் இங்கத்தையப் பேச்சிலும் பைலாத் துள்ளலிலும் வந்தவை. 'சுராங்கனி' 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கும் போனது. அவையும் ஒருநாள் ஒருத்தருக்கும் தெரியாத பாட்டுகள்தானே? தெரியாத சனத்துக்கு முன்னால் ஆரோ துணிஞ்சு பாடினபடியால்தான் பிறகு எல்லாருக்கும் தெரிஞ்சது.

ஒன்றைச் சொல்லாமல் விடேலாது. சொந்தப் பாட்டு எண்டதற்காக அரைவேக்காட்டை மேடையேத்தாதேங்கோ. சுருதி விலகினால் மண்பற்று வந்து காப்பாத்தாது. பாட்டு இன்னும் பழுக்கவில்லையெண்டால், இந்த நாட்டில் பிறந்த இன்னொருவரின் பாட்டை எடுங்கோ. முதல் பாட்டை நாலு நிமிசத்துக்குள் முடியுங்கோ. முன்னுரை பேசாமல் நேரே தொடங்குங்கோ.

காசு தாறவை சினிமாப் பாட்டுத்தான் கேக்கினம், உண்மை. பன்னிரண்டு பாட்டில் பதினொன்றை அவைக்குக் குடுங்கோ. நாங்கள் கேக்கிறது ஒன்றே ஒன்று, அதுவும் முதலாவது.

அந்த நாலு பேரில் பேஸ் கிற்றார் வாசிச்சவர் இப்ப கட்டாரில். குழு இல்லை. அந்த மூன்று பாட்டையும் ஊர் இன்னும் கேக்கேல்லை.