ஔவை என்பது முதுமையின் பெயரன்று

“ஔவை என்றால் கிழவி” என்று மேடைகளிலும், குழந்தைகளுக்குப் பெயர் தேடித்தரும் கையேடுகளிலும் பல்லாண்டுகளாக ஓதப்பட்டுவரும் கூற்று, பெண்மகவுக்கு அப்பெயரை இடும் வழக்கையே அருகச் செய்துவிட்டது.

அவ்வை என்பது இப்பெயரின் மற்றொரு வடிவம். அகரமும் வகரமெய்யும் இணைந்து ஔகாரம்போல ஒலிப்பதை நன்னூல் உரையாசிரியர்கள் போலி, அதாவது ஓரெழுத்தின் இடத்தில் வேறெழுத்து நின்றும் பொருள் மாறாமை, என்பர். சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் அவ்வை என்னும் சொல் தாயையே சுட்டுகிறது. கன்னடத்தில் இன்றும் ‘அவ்வ’ என்பது தாய். வட கர்நாடகச் சிற்றூர்களில் எல்லவ்வா, நிங்கவ்வா, பசவ்வா எனப் பிறந்த குழந்தைக்கே பெயரிடுகின்றனர். தாயம்மாள் என்று பெயரிடப்பட்ட தமிழ்ப்பெண் எவளும் பிறக்கும்போதே தாயாக இருந்ததில்லை. தெலுங்கில் ‘அவ்வ’ பாட்டியைக் குறிப்பது உண்மையே. நெல்லையில் பாட்டியாகிய ஆச்சி செட்டிநாட்டில் தமக்கையாவதுபோல முறைப்பெயர்கள் இடந்தோறும் நகர்வன. அகராதிகள் தரும் ‘கிழவி’ என்ற பொருள், மூத்த பெண்ணைத் தாயாக மதித்து விளித்ததில் கிளைத்த வழிப்பொருள்.

இவையனைத்தையும் விட வலிய சான்று புறநானூற்றின் 89ஆம் பாடலில் உள்ளது. அதியமானைப் பாடிய ஔவையாரை நோக்கிப் பகையரசன் ஒருவன், ‘உம் நாட்டில் போரிடுவோரும் உளரோ’ என வினவுகிறான். வினவும்போது அவன் அவரை அணிகலன் பூண்ட, மைதீட்டிய கண்களும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி, அதாவது உள்ளத்து உணர்வு மெய்ப்பட ஆடிப்பாடும் கலைமகள், என்று விளிக்கிறான். அவ்விளியைத் தம் பாடலிலேயே பதித்துவைத்தவர் அப்புலவர். கோலூன்றிய மூதாட்டியை இவ்வாறு விளிப்பார் உண்டோ? இளமையிலேயே அவர் ஔவை எனப்பட்டார் என்றால், அப்பெயர் முதுமையால் வந்ததாகாது.

நரைத்த கூந்தலும் ஊன்றுகோலும் பிற்காலக் கதைகள் அணிவித்தவை. ஆத்திசூடி பாடிய ஔவையார் சங்கப் புலவருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர். இருவரையும் ஒருவராக்கிய அக்கதைகளை, கே. பி. சுந்தராம்பாள் நடித்த 1953ஆம் ஆண்டுத் திரைப்படமும் 1968இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த சிலையும் மக்கள் மனத்தில் நிலைநிறுத்தின. திரைக்கதையை வைத்துச் சொல்லுக்குப் பொருள் காண்பது ஆய்வாகாது.

மகளுக்குப் பெயர் தேடும் பெற்றோர் ஔவை எனத் தயங்காது இடுக.