பலமா, அழகா?

தாணேயில் ஜிம்முக்குப் போகும் இளைஞருக்கு ஆசை இரண்டு: பார்பெல்லில் தட்டுகள் கூட வேண்டும், வயிற்றில் 'சிக்ஸ் பேக்'கும் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். பிறகுதான் இழுபறி.

வேலூர் சதீஷ்குமார் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், ஸ்நாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அவர் வயிற்றுக்கு யாரும் மார்க் போடவில்லை. ஆணழகன் மேடையிலோ யாரும் எடை தூக்கச் சொல்வதில்லை. பல வாரம் உணவைக் குறைத்து மேடையேறும் உடல் பார்க்கத்தான் முறுக்கு, உள்ளே களைப்பு.

முறை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சில மாதங்கள் நன்றாகச் சாப்பிட்டுப் பலத்தைக் கூட்டலாம். பிறகு சில வாரங்கள் கொழுப்பைக் கரைக்கலாம். அப்போது புதிய சாதனை வேண்டாம். பழைய எடை கைவிட்டுப் போகாமல் இருந்தாலே வெற்றி.