'ஆள் தெரியணும்' என்கிற தகுதி

விளையாட்டில் சாதி கிடையாது என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். கல்லூரிக்காக மூணு வருஷம் கபடி ஆடின நம்ம பையன், பட்டம் வாங்கின மறுவருஷம் எங்கே நிற்கிறான்? அவன் வாங்கின கப்பு முதல்வர் அறை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அவன் முதுகில் சோற்றுப் பையைக் கட்டிக்கொண்டு அடுக்குமாடி வாசலில் நிற்கிறான். அதே வகுப்பில் படித்து மைதானம் பக்கமே வராதவன் கம்பெனியில் உட்கார்ந்துவிட்டான். கேட்டால், "அவனுக்கு ஆள் தெரியும்ப்பா" என்கிறார்கள். தகுதி, திறமை என்று 1990இல் மண்டலுக்கு எதிராகக் குதித்தார்களே, அந்தத் தகுதியின் உள்ளே இருந்த சரக்கு இதுதான்: ஆள் தெரியணும்.

விளையாடுகிற பிள்ளைகளுக்கு நாம் காட்டிவந்த வழி ஒன்றுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டா. ரயில்வே, போலீஸ், வங்கி, தமிழக அரசு வேலையில் 3 சதவீதம். அந்த உரிமையை ஓர் அங்குலம்கூட விட்டுத்தர முடியாது. ஆனால் கணக்கையும் பார்க்கணும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடி மூன்றாம் படிவம் கையில் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர், ஓர் ஆட்டத்துக்கு ஒரு துறை எடுக்கிற ஆள் எத்தனை? அணிக்குப் பன்னிரண்டு பேர் என்றால் ஒருத்தர் ரெண்டு பேர் உள்ளே போவார்கள். மீதிப் பேர் முட்டி தேய்கிற வரைக்கும் 'அடுத்த வருஷம் எடுப்பாங்க' என்று காத்துக்கிடக்கிறார்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. அங்கே நடப்பது கண்ணுக்குத் தெரியாத வேறொரு ஒதுக்கீடு. கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டால், உள்ளே இருப்பவனிடமே 'உனக்குத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லு' என்கிறார்கள். சொன்னவனுக்குப் போனஸ் தருகிற கம்பெனிகளும் உண்டு. அவனுக்குத் தெரிந்தவன் யார்? அவன் தெருக்காரன், அவன் அத்தை மகன்.

பல்வங்கர் பாலூவின் கதையை இங்கே நினைக்க வேண்டும். 1876இல் பிறந்த தலித் பந்துவீச்சாளர். புனே கிளப்பில் தரையைச் சமன்படுத்தி, வெள்ளைக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டே வளர்ந்தவர். பம்பாய் போன பிறகு ரயில்வே அவருக்கு வேலை கொடுத்தது, தன் அணியிலும் சேர்த்துக்கொண்டது. 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தார். புனேயில் இந்து அணிக்கு ஆடும்போது அவருக்குத் தேநீர் வெளியே, மண் குவளையில். கை வேண்டியிருந்தது, ஆள் வேண்டியிருக்கவில்லை. அணித் தலைமை கடைசிவரை அவருக்கு வரவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. ஆனாலும் அந்த ரயில்வே வேலை, பந்து போட்ட மைதானத்தின் வழியாக வந்தது என்பதைக் கவனியுங்கள். சேரிக்குள்ளேயே இருந்திருந்தால் வந்திருக்காது.

1973இல் மார்க் கிரானோவெட்டர் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒன்றைச் சொன்னார். வேலை பற்றிய சேதி நெருங்கின சொந்தத்திடமிருந்து வருவதைவிட, எப்போதாவது பார்க்கிற அரைகுறைப் பழக்கக்காரரிடமிருந்துதான் அதிகம் வருகிறது. நெருங்கினவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் புதுசாக ஏதாவது தெரியும். 2022இல் லிங்க்டின் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. நமக்கு இது ரெட்டை மடங்கு உண்மை. நம்முடைய நெருங்கின சொந்தம் எல்லாம் ஒரே தெருவில், ஒரே கூலியில் கிடக்கிறது. தூரத்துப் பழக்கம் நமக்கு ஏது?

விளையாடுகிற பிள்ளைக்கு இருக்கிறது. இதைத்தான் நாம் யாரும் பார்க்கவில்லை. நம்ம தெருவில் புத்தகத்தோடு மட்டும் இருந்த பிள்ளையைவிட, ஓடின பிள்ளை அதிக ஊரைப் பார்த்திருக்கிறது. பயிற்சி முகாம், மாநிலப் போட்டி, வடக்கே ரெண்டு நாள் ரயில். எதிரணியில் ஆடினவர்கள், நடுவர்கள், கட்டுப்போட்ட பிசியோ, பரிசு கொடுக்க வந்த வங்கி அதிகாரி. கைகுலுக்கிவிட்டு வந்துவிடுகிறோம், அந்தப் பேர்கள் அங்கேயே செத்துப்போகின்றன. அதைச் சாகவிடாமல் எழுதி வைக்கிற நோட்டுத்தான் லிங்க்டின். 2003இல் தொடங்கினது, இப்போது மைக்ரோசாஃப்ட்டின் சொத்து. முதலாளியின் திண்ணைதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தத் திண்ணையில் ஏற யாரும் தடுப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டுத் துறையே மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறது. இங்கே சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? நாம்தான் சொல்லணும்.

வெறுமனே 'கபடி வீரர்' என்று எழுதி வைத்தால் ஆள் தேடுகிறவர் கண்ணில் படாது. அவர் டேலி, எக்செல், விற்பனை, கணக்கு என்கிற சொற்களைப் போட்டுத்தான் தேடுகிறார். பி.காம்., டேலி தெரியும், பல்கலைக்கழக அணியின் தலைவர் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுது. அணித் தலைவன் என்றால் என்ன என்பதையும் எழுது. பன்னிரண்டு பேருக்கு டிக்கெட் போட்டது, சாப்பாட்டுக் காசுக்குக் கணக்குக் காட்டியது, அடிபட்டவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் ஆட்டத்துக்கு வந்தது. இதெல்லாம் வேலை. கூலி இல்லாமல் செய்தாய் என்பதற்காக அனுபவம் இல்லை என்று ஆகிவிடாது. கோச்சிடம் பரிந்துரை நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேள். இங்கிலீஷ் சின்னதாக இருந்தால் போதும், தெரிந்த ஒருத்தரிடம் காட்டித் திருத்திக்கொள். எந்திரத்திடம் எழுதி வாங்கிய பெரிய பெரிய வார்த்தைகள் எல்லார் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றன; அதில் உன் முகம் தெரியாது.

உன் கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் யார், எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் என்று அந்தத் தளமே பிரித்துக் காட்டும். எடுத்தவுடன் வேலை கேட்காதே. "அண்ணா, நானும் அதே கல்லூரி, அதே மைதானம். உங்க வேலை எப்படின்னு பத்து நிமிஷம் கேட்கலாமா?" இது போதும். காசு கட்டாத கணக்கில் குறிப்போடு அழைப்பு அனுப்ப மாத வரம்பு உண்டு, ஆளைப் பார்த்து அனுப்பு. வேலை தேடுவதை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரியும் வைக்கலாம், பச்சை வளையம் போட்டு ஊருக்கே தெரிகிற மாதிரியும் வைக்கலாம். பெண் பிள்ளைகள் போன் நம்பரைப் பொதுவில் போட வேண்டியதில்லை. வேலைக்குப் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்து. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று போய், மியான்மரின் மியாவாடியில் அடைபட்டுக் கிடந்த தமிழகத்துப் பிள்ளைகளை மறக்கக் கூடாது.

பேர் விஷயத்துக்கு வருவோம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி, பேர் மட்டும் வேறு வேறாக வைத்துத் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டார்கள். உயர்சாதிப் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் மூன்றில் ரெண்டு பங்குதான் தலித் பேருக்கு இருந்தது, முஸ்லிம் பேருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே வருஷம் வெளியான இன்னோர் ஆய்வுக்காக ஜோத்காவும் நியூமனும் ஆள் எடுக்கிற அதிகாரிகளோடு பேசினார்கள். திறமைதான் முக்கியம் என்று சொன்ன அதே வாய்கள் 'குடும்பப் பின்னணி'யையும் கேட்போம் என்றன. லிங்க்டினில் பேரோடு படமும் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று நீ போட்ட மாலையும் தெரியும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதியில் தோற்றதும் வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதி சொல்லித் திட்டின நாடு இது. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் இருப்பது என்று நாம் கட்டளை போடப் போவதில்லை. வயிறு அவரவருடையது. ஒன்று மட்டும்: அந்தத் தளத்துக்கு ஊர்ப் பேர் போதும், தெருப் பேர் தேவையில்லை. கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை தர யோசிக்கிறார்கள் என்று ஓ.எம்.ஆர். கட்டடங்களின் நிழலிலேயே இருக்கிற பிள்ளைகள் வெகுகாலமாகச் சொல்கிறார்கள். சென்னை என்று எழுது. அது பொய்யில்லை.

ஏற்கெனவே உள்ளே போய்விட்ட நம்மாளுங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதன் காரணம் எங்களுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரனுக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம். இருக்கட்டும், யாரும் உங்களைக் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு பிள்ளை 'அண்ணா', 'அக்கா' என்று எழுதினால் பதில் போடுங்கள். உங்கள் கம்பெனியில் தெரிந்தவர் பேரைக் கேட்கும்போது அந்தப் பேரையும் எழுதுங்கள். மற்றவன் தன் மச்சானை எழுதும்போது கை நடுங்குவதில்லை.

அடுத்த போட்டி முடிந்து திரும்புகிற ரயிலில் பன்னிரண்டு பேரும் போனை எடுத்து, எதிரணிக்காரர், நடுவர், பிசியோ என்று கைகுலுக்கின பேர்களைத் தேடிச் சேர்க்க ஒரு மணி நேரம் ஆகும். போனில் சார்ஜ் மட்டும் இருக்கணும்.