சக்கரத்தின் மேல் ஒரு வீடு!

வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவதுதான் உலக வழக்கம். வீட்டையே கூட்டிக்கொண்டு புறப்பட்டால்?

அமெரிக்காவில் பல குடும்பங்கள் அப்படித்தான் புறப்படுகின்றன. கணவர் வண்டி ஓட்டுகிறார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, சாலைப் படத்தைப் பார்த்து வழி சொல்கிறார். பின்னால் குழந்தைகள். அவர்களுக்கும் பின்னால் கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியல் அறை!

இந்த வீட்டு வண்டிக்கு அங்கே "ஆர்.வி." என்று பெயர். இதில் இரண்டு வகை உண்டு. தானே ஓடும் வண்டி ஒன்று. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வண்டி மற்றொன்று. குடிக்கத் தண்ணீர்த் தொட்டி உண்டு. கழிவு நீருக்குத் தனித் தொட்டி உண்டு. இரவில் தங்குவதற்கென்றே முகாம்கள் இருக்கின்றன. வாடகை கொடுத்தால், மின்சாரமும் தண்ணீரும் வண்டிக்கே வந்துவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இப்படிப் போகிற குடும்பம் உண்மையிலேயே ஊர் பார்க்கிறதா? அல்லது, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு ஆயிரம் மைல் நகர்கிறதா? இதுதான் கேள்வி.

66-ம் எண் சாலை

இப்படிப்பட்ட குடும்பங்கள் ஆசையோடு தேடிப் போகும் பழைய சாலை ஒன்று உண்டு. அதுதான் 66-ம் எண் சாலை.

1926-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி அந்த எண் அதற்கு வந்தது. சிகாகோவில் தொடங்கி, கலிபோர்னியாவில் உள்ள சாண்டா மோனிகா கடற்கரை வரை போகும். நீளம் சுமார் 2,448 மைல். கிலோ மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 3,940. அது 8 மாநிலங்களைத் தொட்டது. கான்சாஸ் மாநிலத்தில் மட்டும் சுமார் 13 மைல்தான்!

முதலில் பாதிக்கு மேல் மண் சாலைதான். 1938-ல்தான் முழு நீளத்துக்கும் தளம் போட்டு முடித்தார்கள். சாலை வந்ததும் கடை வந்தது. பெட்ரோல் நிலையம் வந்தது. உணவு விடுதி வந்தது. கணவன் சமைப்பார், மனைவி பரிமாறுவார், மகன் வண்டிக்கு எண்ணெய் போடுவான். இப்படி ஒரு குடும்பமே சாலையை நம்பிப் பிழைத்த ஊர்கள் ஏராளம்.

வேகம் வந்தது, கூட்டம் போனது!

1919-ல் அமெரிக்க ராணுவ வண்டிகள் அணிவகுத்து, வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போயின. போய்ச் சேர 62 நாட்கள் ஆயின. அவ்வளவு மோசமான சாலை! அந்த அணியில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். அவர் பெயர் ஐசனோவர்.

பிற்காலத்தில் அவரே ஜனாதிபதி ஆனார். 1956-ல் வேக நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 41 ஆயிரம் மைலுக்கு அகலச் சாலைகள் போடத் திட்டம் வந்தது. புதிய சாலைகள் ஊருக்குள் நுழையவில்லை. ஊரை ஒதுக்கிவிட்டு வெளியே ஓடின.

இதைக் குறை சொல்வதற்கில்லை. பழைய சாலை குறுகலானது. வளைவுகள் அதிகம். விபத்துக்கள் நடந்து நடந்து, "ரத்தச் சாலை" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அவசரமாகப் போகிறவருக்கும் சரக்கு ஏற்றிப் போகிறவருக்கும் வேகச் சாலைதான் நல்லது. உயிருக்கும் அதுவே பத்திரம்.

ஆனால், அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? சாலை ஓரத்துச் சின்ன ஊர்க்காரர்கள்தான். டெக்சாஸ், நியூ மெக்சிகோ எல்லையில் கிளென்ரியோ என்று ஓர் ஊர். 1970-களில் புதிய சாலை அதை ஒதுக்கிவிட்டுப் போயிற்று. இன்று அங்கே பழைய விடுதியும் பெட்ரோல் நிலையமும் பாழடைந்து நிற்கின்றன.

1985-ல் 66 என்ற எண்ணையே அரசாங்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சவரக் கத்தி பிடித்த கை

அரிசோனா மாநிலத்தில் செலிக்மன் என்று ஒரு சிற்றூர். 1978 செப்டம்பர் 22-ந் தேதி அதற்கும் அந்தக் கதி வந்தது. நேற்று வரை நிற்காமல் ஓடிய கார்கள் ஒரே நாளில் மறைந்தன.

அந்த ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருந்தவர் ஏஞ்சல் டெல்கடில்லோ. அவருடைய அண்ணன் ஹுவான், 1953-ல் பழைய மரத் துண்டுகளைச் சேர்த்துச் சிற்றுண்டிக் கடை கட்டியவர். ஊரை விட்டுப் போக அவர்களுக்கு மனம் இல்லை.

1987-ல் ஏஞ்சல் ஊர்க்காரர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். "பழைய சாலையைச் சரித்திரச் சாலை என்று அறிவிக்க வேண்டும்" என்று மாநில அரசாங்கத்தை விடாமல் கேட்டார்கள். அந்த ஆண்டே செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் இடையே உள்ள சாலைக்கு அந்தப் பெயர் கிடைத்தது. மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள் தோன்றின. இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அந்த ஊரில் வந்து இறங்குகிறார்கள்.

ஊரை உயிர்ப்பித்தவர் மந்திரியும் அல்ல, கோடீசுவரரும் அல்ல. முடி திருத்துகிறவர்!

ஒரு வேளை அடுப்பை அணைக்கலாம்

இங்கேதான் வீட்டு வண்டிக்காரர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்.

பழைய சாலை பிழைத்திருப்பது, அதில் போகிறவர்கள் இறங்கி நாலு காசு செலவு செய்வதால்தான். வீட்டு வண்டியிலோ எல்லாமே இருக்கிறது. சோறு உள்ளே, படுக்கை உள்ளே, தொலைக்காட்சியும் உள்ளே. கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே என்ன ஊர் என்றுகூடத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த ஊருக்கு அதனால் என்ன லாபம்? குழந்தைக்குத்தான் என்ன லாபம்?

ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது வண்டியின் அடுப்பை அணைத்துவிட்டு, ஊர்ச் சிற்றுண்டிக் கடையில் போய் உட்கார வேண்டும். கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதற்குப் பெயர்தான் பிரயாணம்.

இறங்கிப் பார்த்தால் கதைக்குப் பஞ்சமில்லை. ஓக்லஹோமா மாநிலத்தில் கட்டூசா என்ற இடத்தில், குளத்தின் ஓரம் 80 அடி நீளத்துக்கு நீலத் திமிங்கிலம் ஒன்று சிரித்தபடி இருக்கிறது. இரும்பாலும் சிமெண்டாலும் ஆனது. இதைக் கட்டியவர் ஹ்யூ டேவிஸ் என்பவர். எதற்காக? அவர் மனைவி செல்டாவுக்குத் திமிங்கிலப் பொம்மைகள் சேர்ப்பதில் ஆசை. திருமண நாள் பரிசாக 1970-களின் தொடக்கத்தில் இதைக் கட்டிக் கொடுத்தார்! மணிக்கு 70 மைல் வேகத்தில் வேகச் சாலையில் பறக்கிறவருக்கு இந்தத் திமிங்கிலம் தெரியுமா?

கசப்பான கதையும் உண்டு

சிரிப்பு மட்டும் அல்ல. அந்தச் சாலையில் கண்ணீரும் இருக்கிறது. பெற்றோர் அதை மறைக்கக் கூடாது.

1930-களில் மழை பொய்த்தது. புழுதிப் புயல் வீசியது. பயிர் அழிந்தது, கடன் ஏறியது. ஓக்லஹோமா, டெக்சாஸ் பகுதி விவசாயிகள் பழைய லாரியில் கட்டிலையும் பாத்திரத்தையும் கட்டி, கிழவியையும் குழந்தையையும் மேலே ஏற்றி, இதே சாலையில் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். அதுவும் சக்கரத்தின் மேல் ஒரு வீடுதான். ஆனால் உல்லாசப் பயணம் அல்ல. வயிற்றுக்காகப் போன பயணம். 1936-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் மாநில எல்லையிலே நின்று, கையில் காசு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

கறுப்பு இனத்தாருக்கு இன்னொரு துன்பம். சாலை எல்லோருக்கும் பொது. விடுதி மட்டும் பொது அல்ல! பல இடங்களில் அவர்களுக்கு அறை கிடையாது, சாப்பாடு கிடையாது. குழந்தை பசியால் அழுதாலும் வண்டியை நிறுத்த முடியாது. நியூயார்க்கைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர், அவர்களுக்கு இடம் கொடுக்கும் விடுதிகளின் பட்டியலை 1936-ல் புத்தகமாகப் போட்டார். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்து அந்தக் கதவுகளைத் திறக்கும் வரை, அந்தப் புத்தகம்தான் பலருக்கு வழித்துணை. ஓக்லஹோமாவில் லூதர் என்ற ஊருக்குப் பக்கத்தில், கறுப்பு இனக் குடும்பம் ஒன்று நடத்திய பெட்ரோல் நிலையக் கட்டிடம் இன்றும் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும்.

பணக்காரருக்கு மட்டுமா?

"இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய வீட்டு வண்டிக்கு விலையும் அதிகம். அது குடிக்கும் பெட்ரோலும் அதிகம்.

ஆனால், பழைய சாலைக்குப் பெரிய வண்டி ஏற்றதும் அல்ல. அரிசோனாவில் ஓட்மன் ஊருக்குப் போகும் மலைப் பாதையில், 40 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டியை விடுவதே இல்லை! சின்ன இழுவை வண்டி போதும். அதுவும் இல்லாவிட்டால், காரின் பின்னால் ஒரு கூடாரத் துணி போதும். வேண்டியது வண்டி அல்ல; பொறுமை.

2026-ம் ஆண்டு 66-ம் எண் சாலைக்கு நூறாவது ஆண்டு. விழாவுக்குக் கூட்டம் கூடுவதில் ஆச்சரியம் இல்லை. விழா முடிந்த பிறகும் அந்தச் சிற்றூர்களில் விளக்கு எரிய வேண்டுமே!

வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிப் போவது பெரிதல்ல. அந்த வீட்டின் கதவைத் திறந்து, கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் குழந்தைக்கு உலகம் தெரியும். சாலை ஓரத்துக் கடைக்காரர் வீட்டிலும் அடுப்பு எரியும்.