பூட்டு வாங்கினால் போதுமா?

கடையின் கடன் கணக்கை நான் வீட்டுக் கணினியில்தான் எழுதி வருகிறேன். காசு மிச்சமென்று மகன் திருட்டுப் பிரதி அன்டி வைரஸ் ஒன்றைப் போட்டான். நானும் தடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. திறப்பதற்குப் பணம் கேட்டார்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைக் கடன்காரர்களிடமே கேட்கும் நிலை எனக்கு வந்தது.

வியாபார சகோதரர்களே, இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. விண்டோஸ் 11 உடன் டிபென்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் இலவசமாகவே வருகிறது. அது போதாது என்பவர்கள் அசலை விலை கொடுத்து வாங்குங்கள். இரண்டு அன்டி வைரஸ்களை ஒன்றாக இயக்காதீர்கள். ஒன்றோடொன்று மோதிக் கணினியை மந்தமாக்கும்.

டிபென்டரில் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் எக்சஸ்' என்றொரு வசதி உண்டு. அறியாத மென்பொருள் உங்கள் கோப்புகளை மாற்றுவதை அது தடுக்கும். வழமையாக அது இயங்காதிருக்கும்; நாம்தான் இயக்க வேண்டும்.

2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே அகப்பட்டார்கள். ஆகவே அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

இத்தனைக்கும் மேலாக, வாரம் ஒருமுறை கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். செருகியபடி விட்டால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவோமா?